ஒரே ஈரத்தில் மனிதரும் நிலமும்: இயற்கையோடு உள்ள பிணைப்பை நீர்வண்ணத்தில் வரைவது

கேள்வி இது: மலை, மரம், ஆறு எல்லாம் ஓரளவு நன்றாக வருகின்றன, நடுவில் ஒரு மனிதரை வரைந்தால் மட்டும் வெட்டி ஒட்டிய பொம்மைபோல் நிற்கிறார். மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள பிணைப்பை நீர்வண்ணத்தில் எப்படிக் கொண்டுவருவது?

அவரைத் தனியாக வரைவதுதான் காரணம். பின்னணியை முடித்து, காயவைத்து, பிறகு வேறொரு கலவையில் தொட்டு, பென்சில் கோட்டுக்குள் நிறத்தை நிரப்பினால் அவரைச் சுற்றி நாலு பக்கமும் கூர்மையான விளிம்பு விழும். அந்த விளிம்பு, 'இது முன்பு வரைந்தது, இது பிறகு வரைந்தது' என்று பார்ப்பவர் கண்ணுக்குச் சொல்லிவிடும். முகத்தில் எவ்வளவு உணர்ச்சியைக் காட்டினாலும் அந்தப் பிளவு மூடாது. நிலத்தில் ஓடிய அதே வாஷ் (தண்ணீர் தாராளமாகக் கலந்து பரப்பும் வண்ணப் பூச்சு) அவர் உடம்பிலும் ஓடியிருக்க வேண்டும். நிழல் பக்கத்தில் அவர் எங்கே முடிகிறார், மரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இரண்டு இடமாவது இருக்க வேண்டும். எண்ணெய் வண்ணத்திலும் அக்ரிலிக்கிலும் இதை முயன்றுதான் வரவழைக்க வேண்டும். நீர்வண்ணத்தில் தண்ணீரே பாதி வேலையைச் செய்து தரும்; நாம் தடுக்காமல் இருந்தால் போதும்.

வரையும் முன் முடிவு செய்ய வேண்டியது

'இயற்கையோடு ஒன்றிய மனிதர்' என்று மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் படம் நாட்காட்டிப் படமாகத்தான் முடியும். ஒரே ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள். சுமக்கிறார், குனிகிறார், காத்திருக்கிறார், ஒதுங்குகிறார், கடக்கிறார், நனைகிறார். வினை முடிவானால் மற்ற முடிவுகள் தாமாக வரிசையாகும். 'ஒதுங்குகிறார்' என்றால் மரம் பெரிது, அவர் சிறிது, மழை சாய்வு. 'குனிகிறார்' என்றால் முதுகின் வளைவும் நிலத்தின் வளைவும் ஒரே திசையில் போக வேண்டும்.

சங்கப் பாடல்களின் திணை அமைப்பு இதற்கு மிக நேரடியான கருவி. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அங்கே வாழ்பவை, அங்கே நடக்கும் தொழில். உரிப்பொருள் மனித உணர்வு. பாடலில் உணர்வைச் சொல்ல வேண்டிய இடத்தில் பூவும் பறவையும் பேசிவிடும். ஓவியக் குறிப்பேட்டிலும் இதே வரிசையில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் இடம், நேரம், ஒளி வரும் திசை, காற்றின் திசை, எது ஈரம், எது உலர்வு. இரண்டாவதில் அங்கே நிற்கும், நகரும், வளரும் பொருள்களில் படத்துக்கு வேண்டிய மூன்று மட்டும். மூன்றாவதில் அந்த வினைச்சொல். முகபாவம் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். சிறிய உருவத்தில் முகம் ஒரு துளி நிறம்தான். உணர்வைத் தலையின் சாய்வு, தோளின் இறக்கம், எந்தக் காலில் எடை நிற்கிறது என்பவைதான் சொல்லும்.

அடுத்து 5 செ.மீ.க்கு 7 செ.மீ. அளவில் மூன்று நான்கு சிறு வரைவுகள் போடுங்கள். வெள்ளை, நடுச்சாயல், கருஞ்சாயல் என மூன்றே சாயல் (வெளிச்ச-இருள் அளவு). ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போதும். இதில் ஒரே ஒன்றைச் சோதியுங்கள்: மனிதரின் கருஞ்சாயல் பக்கத்திலுள்ள ஏதாவது ஒரு கருஞ்சாயலோடு சேர்ந்து ஒரே வடிவமாகிறதா? ஆகவில்லை என்றால் அவரை நகர்த்துங்கள், அல்லது மரத்தை நகர்த்துங்கள். திறந்த வெளியின் நட்டநடுவே, சுற்றிலும் வெளிச்சம் சூழ நிற்கும் கறுத்த உருவத்தைப் பிறகு எந்த உத்தியாலும் நிலத்தோடு சேர்க்க முடியாது. தனிமையைச் சொல்ல விரும்பினால் மட்டும் அப்படி வையுங்கள்.

உருவத்தின் அளவும் ஒரு கருத்தைச் சொல்லும். 28 செ.மீ. உயரப் படத்தில் 2 செ.மீ. உருவம் நிலத்தின் பெருமையைச் சொல்லும். சீன மலைநீர் ஓவியங்களில் மூடுபனிக்குள் பாலத்தைக் கடக்கும் சிற்றுருவங்கள் இந்த வகை. 5, 6 செ.மீ. இருந்தால் அவர் செய்யும் வேலை தெரியும். 12 செ.மீ.க்கு மேல் போனால் நிலம் பின்னணியாகிவிடும். அப்போது உறவை அவர் தோலிலும் உடையிலும் விழும் ஒளியால்தான் சொல்ல முடியும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நடு அளவையே பரிந்துரைப்பேன்.

அடிவானக் கோடு பற்றி ஒரு விதி. சமதரையில் நீங்கள் நின்றபடி பார்த்தால், உங்கள் உயரம் உள்ள எவரும் பக்கத்தில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் அடிவானக் கோடு அவர் கண் மட்டத்தையே வெட்டும். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இடுப்புக்கும் மார்புக்கும் இடையே வெட்டும். தொலைவில் உள்ளவரைச் சிறிதாக்கும்போது தலையையும் கீழே இறக்கிவிடுவது பலரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் அவர் குழியில் நிற்பதுபோல் தோன்றுவார். தலை உடல் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. சந்தேகம் இருந்தால் சிறிதாகவே வையுங்கள். தலை பெரிதானால் உருவம் குழந்தையாகிவிடும்.

தாள், வண்ணம், தூரிகை

தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுப் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள) வகை எடுங்கள். மரக்கூழ்த் தாளில் ஈரம் மேலேயே நின்று சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டாவது வாஷ் போடும்போது முதல் வாஷ் கிளம்பி வரும். இங்கே சொல்லும் முறை முழுக்கவும் ஈரம் நீடிப்பதை நம்பியே இருக்கிறது. 300 ஜிஎஸ்எம் தாளும் முழுதாக நனைத்தால் அலை அலையாக எழும்பும். ஐந்து முதல் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பலகையில் பரப்பி, நனைத்து ஒட்டும் காகித டேப்பால் நாலு பக்கமும் ஒட்டி, கிடைமட்டமாக வைத்து ஒரு இரவு காயவிட்டால் பிறகு எழும்பாது. 640 ஜிஎஸ்எம் தாளுக்கு இந்த வேலை தேவையில்லை. ஈரப்பதத்தில் பல வருடம் கிடந்த தாளில், நீரை உறிஞ்சிவிடாமல் காக்கும் மேற்பூச்சு கெட்டுப்போயிருக்கும். வாஷ் போட்டவுடன் ஆங்காங்கே நிறம் உறிஞ்சிக் கரும்புள்ளி விழும். அது உங்கள் கைப்பிழை அன்று; அந்தத் தாளைப் பென்சிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணங்கள் ஐந்து போதும்: ரா சியன்னா (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் புளூ (ஆழ்ந்த நீலம்), குவினாக்ரிடோன் ரோஸ் (ரோஜா சிவப்பு), ஒரு எலுமிச்சை மஞ்சள். இந்தத் தேர்வுக்குக் காரணம் உண்டு. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் மண்ணின் பழுப்பு, பாறையின் சாம்பல், மேகத்தின் கருமை, மாநிறத் தோலின் நிழல், கூந்தலின் கறுப்பு எல்லாம் வரும். விகிதம்தான் மாறும். மண்ணும் தோலும் ஒரே இரண்டு நிறமிகளிலிருந்து வந்தால், விளிம்பு கூர்மையாக விழுந்த இடத்திலும் இரண்டும் ஓருறவு என்று கண் உணர்ந்துகொள்ளும். தோலுக்கென்று டியூபில் விற்கும் நிறத்தை வாங்காதீர்கள். பச்சையையும் டியூபிலிருந்து நேராக எடுக்க வேண்டாம். அல்ட்ராமரைனோடு ரா சியன்னா சேர்த்தால் நிழல் பச்சை, எலுமிச்சை மஞ்சள் சேர்த்தால் வெயில் பச்சை. அல்ட்ராமரைன் துகள் துகளாகத் தாளின் குழிகளில் படியும் இயல்புள்ளது. மூடுபனிக்கும் பாறைக்கும் அந்தச் சொரசொரப்பு இயல்பாகப் பொருந்தும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. அசல் அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்ந்த சிவப்பு ஒளியில் வெளுக்கும். தாலோ புளூ என்ற அடர்நீலம் நல்ல நிறம்தான், ஆனால் தாளைக் கறையாகப் பிடித்துக்கொள்ளும். உருவத்தில் பட்டால் பிறகு எடுக்க முடியாது.

தூரிகையில் 12ஆம் எண் உருண்டை ஒன்று, 6ஆம் எண் ஒன்று, அகலமான மாப் (நீரை நிறையப் பிடிக்கும் மென்மையான தடித்த தூரிகை) அல்லது 2.5 செ.மீ. தட்டை ஒன்று. பெரும்பகுதி வேலையைப் பெரிய தூரிகையிலேயே முடியுங்கள். சிறிய தூரிகை கைக்கு வந்தவுடன் மனம் கோடு போடத் தொடங்கிவிடும், கோடு பிரிக்கும். தண்ணீருக்கு இரண்டு பாத்திரம்: ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக.

ஒரு படத்தை முழுவதும் வரைந்து பார்ப்போம்

காலை வெயில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. முழங்கால் அளவு தண்ணீரில் ஒருவர் குனிந்து, வலக்கையை நீருக்குள் விட்டிருக்கிறார். பின்னால் இருண்ட கரை மரங்கள். தாள் 28 x 38 செ.மீ., பலகை 15 பாகை சாய்வு.

பென்சிலில் கரைக்கோடு, மரத்திரளின் மேல் விளிம்பு, உருவத்தின் தலை, முதுகெலும்பின் வளைவு, எடை நிற்கும் கால், கை இவை மட்டும். வெளிக்கோட்டை மூடாதீர்கள். முதுகின் வலப்பக்கத்தையும், கால் நீருக்குள் இறங்கும் இடத்தையும் திறந்தே விடுங்கள். அங்கேதான் நிறம் கலக்கப்போகிறது. மூடிய கோடு இருந்தால் கை தானாக அதற்குள் நின்றுவிடும்.

தாள் முழுவதையும் சுத்தமான தண்ணீரால் நனையுங்கள். மூன்று இடங்களை மட்டும் உலர்வாக விட வேண்டும்: வெயில் விழும் தலை உச்சியும் இடத் தோளும் முதுகின் மேல்விளிம்பும், கை நீரைத் தொடும் இடத்தைச் சுற்றி ஒரு சிறு பகுதி, நீரில் மின்னும் இரண்டு மூன்று கிடைக்கோடுகள். தாளின் பளபளப்பு சீராக இருக்கும்போது இடது மேல் மூலையில் தொடங்கி மெல்லிய ரா சியன்னா. அதில் கொஞ்சம் ரோஸை நுழையுங்கள். வலப்பக்கமும் கீழேயும் போகப் போக அல்ட்ராமரைன். உருவத்தின் மேலேயே இந்த வாஷை ஓட்டுங்கள், தயங்க வேண்டாம். அவர் தோலுக்கும் உடைக்கும் நீருக்கும் கீழே கிடக்கப்போகும் அடிநிறம் இதுதான், பிணைப்பின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். ஆகவே ஈரத்தில் சரியாகத் தெரியும் அளவைவிட ஒரு படி அடர்த்தியாகவே போடுங்கள்.

முழுதாகக் காயவிடுங்கள். புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு. அந்த நிலையில் அடுத்த வாஷைப் போடுவது வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம், பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டியது. கலவைகளை முன்பே தாராளமாகக் கலந்து வையுங்கள்; நடுவில் கலக்க நின்றால் விளிம்பு காய்ந்துவிடும். மரத்துக்கு அல்ட்ராமரைனும் ரா சியன்னாவும் கொஞ்சம் பர்ன்ட் சியன்னாவும். உருவத்தின் நிழலுக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும். வெளிச்சத் தோலுக்கு பர்ன்ட் சியன்னாவில் சிறிது ரோஸ், நீர் அதிகம். மரத்திரளை இடமிருந்து போட்டுக்கொண்டு வந்து, உருவத்தின் வெயில் விளிம்பு வரும்போது ஒரு மில்லிமீட்டர் வெள்ளை விட்டுத் தாண்டுங்கள். இருண்ட மரத்துக்கு எதிரே அந்த ஒளிக்கோடு தானாகவே உருவத்தைக் காட்டும். உருவத்தின் வலப்பக்கம் வந்ததும், மர நிறம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, நிழல் கலவையோடு முதுகின் கீழ்ப்பகுதியைத் தொடுங்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். ஓடட்டும். அந்த இடத்தில் உருவம் கரைந்துபோவதாகத் தோன்றும். சற்றுப் பின்னால் சென்று பாருங்கள், கண் அந்தக் கோட்டைத் தானே போட்டுக்கொள்ளும்.

தூரிகையை எடுக்காமல் உடம்பில் மேலிருந்து கீழே வாருங்கள். வெளிச்சப் பக்கத்தில் தோல் கலவை, அது ஈரமாக இருக்கும்போதே நிழல் பக்கத்தில் அல்ட்ராமரைன் கூடிய கலவை. குனிந்திருப்பவரின் மார்புக்கும் தாடைக்கும் கீழே நீரிலிருந்து எதிரொளி வரும். அங்கே நிழல் முழுக் கருமையாக இருக்காது. கொஞ்சம் பச்சை கலந்த வெளிச்சம் இருக்கும். அந்த ஒரு தொடுகை, நீர் இவரைத் தொடுகிறது என்பதை எந்த முகபாவத்தையும்விடத் தெளிவாகச் சொல்லும். வெள்ளை உடை என்றால் மேல்பக்கத்தில் வான நீலமும் கீழ்ப்பக்கத்தில் தரை நிறமும் விழும். வெள்ளை உடைபோல் சூழலை வாங்கிக்கொள்வது வேறில்லை. வாய்ப்பிருந்தால் உருவத்துக்கு வெள்ளையே கொடுங்கள்.

கால் நீரைச் சந்திக்கும் இடத்தில் கோடு வேண்டாம். நிறத்தை அங்கே நிறுத்தி, சுத்தமான, பிழிந்த தூரிகையால் விளிம்பை ஒருமுறை தடவி, அதே நிறத்தை உடனே கீழே இழுத்துப் பிரதிபலிப்பாக்குங்கள். பிரதிபலிப்பு எப்போதும் பொருளுக்கு நேர்கீழே பார்ப்பவரை நோக்கி இறங்கும், சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும். நிழல் மட்டுமே சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாயும். இரண்டையும் ஒரே திசையில் சாய்த்துவிட்டால் நீர் நீராகத் தோன்றாது. கருமையான பொருளின் பிரதிபலிப்பு அதைவிடச் சற்று வெளிறியும், வெளிச்சமான பொருளின் பிரதிபலிப்பு சற்று மங்கியும் இருக்கும். உடல் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் பிரதிபலிப்பும் வலப்பக்கமே சாயும்.

எல்லாம் காய்ந்தபின் கடைசி வேலை: படத்தின் மிகக் கூர்மையான விளிம்பும், மிக அடர்ந்த கருமையும், தொடாத வெள்ளையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். அந்த இடம் முகமாக இருக்க வேண்டியதில்லை. இந்தப் படத்தின் வினை, கை நீரைத் தொடுவது. ஆகவே விரல்களுக்கும் நீருக்கும் இடையில் ஓர் அடர்ந்த தொடுகை, பக்கத்தில் முதலில் உலர்வாக விட்ட வெள்ளை, அதைச் சுற்றி இரண்டு மூன்று தட்டையான நீள்வட்ட அலைகள். தொலைவுக்குப் போகப் போக நீள்வட்டம் இன்னும் தட்டையாக வேண்டும். பல ஓவியர்கள் பழக்கத்தால் முகத்துக்கே கூர்மை கொடுக்கிறார்கள்; அப்போது படம் ஒருவரின் உருவப்படமாக மாறி, ஆறு பின்னணியாகிவிடுகிறது.

எங்கே கெடுகிறது

நிறம் சேறாவது பெரும்பாலும் பாதி காய்ந்த வாஷைத் திரும்பத் திரும்பத் தடவுவதால். பளபளப்பு போய் மங்கல் வந்த பிறகு தாளைத் தொடாதீர்கள். அந்த நிலையில் தூரிகை நிறமியைக் கிளப்பிக் கலக்கும், தாளின் மேற்பரப்பையும் கீறும். ஒரு கலவையில் மூன்று நிறமிக்கு மேல் போனாலும் உயிர் போய்விடும்.

காலிஃபிளவர்போல் ஓரம் சுருண்ட கறை விழுவது வேறு காரணத்தால். தாளில் உள்ள ஈரத்தைவிடத் தூரிகையில் ஈரம் அதிகமாக இருந்தால், புதுத் தண்ணீர் பழைய நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கும். மங்கல் நிலையில் நிறம் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் தூரிகையைத் துணியில் ஒற்றி, தண்ணீர் குறைந்த கெட்டி நிறத்தோடு போங்கள். இலைத்திரளிலும் மேகத்திலும் இந்தக் கறை விழுந்தால் விட்டுவிடுங்கள், அழகாகவே இருக்கும். தோலில் விழுந்தால் காய்ந்தபின் ஈரத் தட்டைத் தூரிகையால் ஓரத்தை இரண்டு முறை நெருடி, காகிதத்தால் ஒற்றி எடுக்கலாம்.

உருவம் மிகவும் தனித்து நிற்கிறது என்றால் முழுதாக அழிக்கத் தேவையில்லை. நிழல் பக்க விளிம்பில் 2, 3 செ.மீ. நீளத்துக்கு மட்டும் நனைத்து, அரை நிமிடம் விட்டு, நெருடி, ஒற்றி எடுங்கள். பிறகு பின்னணி நிறத்தை மெல்லிதாக இரண்டின் மேலும் சேர்த்து ஓட்டுங்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் இதற்கு இணங்கும். குவினாக்ரிடோன் கொஞ்சம் கறையாக நிற்கும்.

காற்றை மறப்பது இன்னொரு குறை. புல் வலப்பக்கம் சாய, உடையின் நுனி அசையாமல் தொங்கினால் புல்லும் மனிதரும் வேறு வேறு உலகத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். முடி, உடை, புல், புகை, நீரின் சிற்றலை எல்லாம் ஒரே திசைக்குப் பணிய வேண்டும். நிழலும் அப்படித்தான். சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் நிழல் உயரத்துக்குச் சமம். ஏறத்தாழ 27 பாகையில் இரண்டு மடங்கு, 18 பாகையில் மூன்று மடங்கு. மனிதருக்கு ஒரு நீளம், மரத்துக்கு வேறு விகிதம் என்று போட்டால் காரணம் தெரியாமலே படம் பொய்யாகத் தோன்றும். நிழலைப் பாதத்திலிருந்து தொடங்கி, பாதத்தின் நிறம் ஈரமாக இருக்கும்போதே இழுங்கள். தரையில் காலை ஊன்றச் செய்வது அந்த ஒரு இழுப்புதான்.

மனிதரை வரையாமலே

எனக்கு மிகவும் பிடித்த படங்கள் பலவற்றில் மனித உருவமே இல்லை. 1503இல் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் ஒரு பிடி புல்திட்டை நீர்வண்ணமும் பூச்சு வண்ணமும் (அடிநிறம் தெரியாமல் மூடும் நீர்வண்ணம்) கொண்டு வரைந்தார். இன்று வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புல்லும் வேரும் ஈர மண்ணும் தவிர வேறெதுவும் அதில் இல்லை. ஆனால் பார்வை தரைமட்டத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒருவர் முழங்காலிட்டிருக்க வேண்டும். அந்தத் தாழ்ந்த கண்மட்டமே உறவு. 1917இல் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் சமவெளியில் விடியும் ஒளியை மூன்று நீர்வண்ணப் படங்களாக வரைந்தார். அடிவானமும் அதன்மேல் விரியும் ஒளி வளைவுகளும் மட்டும். அங்கே நிற்பவர் நாம்தான்.

நீங்கள் முயன்று பார்க்க எளிய வழி தடம். ஒற்றையடிப் பாதை, தேய்ந்த படிக்கல், கரையில் கவிழ்த்த படகு, ஈர மணலில் பாதச் சுவடு, கிளை வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்த்த மரம். இவற்றில் பாதை வரையக் கடினமானது. பெரும்பாலும் ஒட்டிய நாடாவாகிவிடும். ஓரங்களை முழுக் கோடாகப் போடாமல், புல் உள்ளே வரும் இடத்தில் தொலைத்து, மண் தெரியும் இடத்தில் மட்டும் காட்டுங்கள். தொலைவுக்குப் போகும்போது அகலம் நீங்கள் நினைப்பதைவிட வேகமாகக் குறையும். மேட்டுக்குப் பின் அரைக் கணம் மறைந்து மீண்டும் தோன்றினால், நடந்தவர் தெரிவார்.

உருவத்தோடு வரைபவர்களுக்கு அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் நீர்வண்ணங்களைப் பரிந்துரைப்பேன். 1881, 82இல் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் மீன்பிடி ஊரில் தங்கி, கடல் பார்த்து நிற்கும், கூடை சுமக்கும் பெண்களை வரைந்தார். அவர்களின் கனத்த நிலை, காற்றுக்கு எதிரே ஊன்றிய கால், வீசும் ஆடை இவற்றைப் பார்த்தாலே எதிரே உள்ள கடல் எப்படிப்பட்டது என்று புரியும்.

வெளியில் வரையும்போது

சூரியன் மணிக்கு 15 பாகை நகரும். ஆகவே வந்தவுடன் நிழல்களின் வடிவத்தைப் பென்சிலில் பூட்டிவிடுங்கள், பிறகு துரத்தாதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஒரே படத்தில் இருந்தால் வேறு ஒளியை வரைந்துகொண்டிருப்பீர்கள். வெயிலும் காற்றும் சேர்ந்தால் வாஷ் ஓரிரு நிமிடத்தில் காய்ந்து ஈரக்கலப்புக்கு நேரம் இருக்காது. தாளின் பின்பக்கத்தையும் நனைத்து, வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் ஒட்டினால் ஈரம் நீடிக்கும். தாளை வெயிலில் வைக்காமல் உங்கள் நிழலில் வையுங்கள்; வெயிலில் வைத்தால் வெள்ளைத் தாளின் கூச்சத்தில் எல்லா நிறமும் வெளிறித் தெரிந்து அடர்த்தியாகப் போட்டுவிடுவீர்கள். ஈரப்பதம் மிகுந்த நாளில் நேர்மாறு: அரை மணி கழித்தும் காயாது. அன்று ஒரே ஈரத்தில் முடியும் படங்களை மட்டும் எடுங்கள், இரண்டு படங்களை மாற்றி மாற்றி வரையுங்கள். தூறல் விழுந்தால் ஓட வேண்டாம். வாஷ் பளபளப்பு குறையும் நேரத்தில் விழும் ஒவ்வொரு துளியும் வெளிறிய வட்டமாகப் பதியும். அந்த மழை உங்கள் படத்தில் நேரடியாக இருக்கும்.

நேரடித் தொடர்பு வேண்டுமென்றால் வரையும் இடத்து மண்ணையே வண்ணமாக்கலாம். சிவப்பும் மஞ்சளும் தருவது இரும்பு ஆக்சைடுகள், ஒளியில் வெளுக்காதவை. மேல்மண்ணில் மக்கிய இலைகள் இருக்கும், பூஞ்சை பிடிக்கும். வேர்களுக்குக் கீழே உள்ள மண்ணை ஒரு கைப்பிடி எடுங்கள். பாத்திரத்தில் நீரோடு கலக்கி, அரை நிமிடம் விட்டால் மணல் கீழே படியும். நிறமுள்ள நீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். இதை மூன்று முறை செய்து, ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டி, படிவைக் காயவையுங்கள். பசைக்கு, கருவேல வகை மரத்துப் பிசினான கம் அராபிக் தூள் ஒரு பங்கு, சூடான நீர் இரண்டு பங்கு. ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, கால் பங்கு தேனும் இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெயும் சேருங்கள். தேன் வண்ணத்தை முழுதும் இறுகாமல் வைக்கும், கிராம்பு எண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும். மண் தூளும் பசையும் ஏறத்தாழச் சம அளவில் எடுத்துக் கண்ணாடி மேல் கால் மணி நேரம் அரையுங்கள். உலர்ந்த தூளைக் கையாளும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். தாளில் பூசிக் காய்ந்தபின் விரலில் தூளாக ஒட்டினால் பசை குறைவு. பளபளத்து வெடித்தால் பசை அதிகம். பூவின் சாறும் சமையல் மஞ்சள்தூளும் முதல் நாள் அழகாக இருக்கும், ஆனால் ஒளியில் சீக்கிரம் வெளுக்கும், குறிப்பேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூரிகை கழுவிய நீரை ஆற்றிலோ மரத்தடியிலோ ஊற்ற வேண்டாம். காட்மியம், கோபால்ட் போன்ற நிறமிகளில் நஞ்சுள்ள உலோகங்கள் உண்டு. கழுவும் முன் தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்தால் பெரும்பகுதி நிறமி துணியிலேயே நின்றுவிடும். மீதி நீரை மூடியுள்ள புட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, சில நாள் தெளியவிட்டு, அடியில் படிந்ததைக் காயவைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடம் இருந்தால் அங்கே சேர்த்துவிடுங்கள். மேலே சொன்ன ஐந்து நிறங்களில் காட்மியமும் கோபால்ட்டும் இல்லை. எலுமிச்சை மஞ்சள் வாங்கும்போது மட்டும் காட்மியம் கலந்த வகையை விட்டு ஹன்சா மஞ்சளாகப் பார்த்து எடுங்கள்.